எல்டிஆர் + ஆர்டுயினோ யூனோ: நேர் வெயிலிலும் நிழல்வலைக்குள்ளும் கிட்டத்தட்ட ஒரே எண் வருகிறது. எங்கே தப்பு?

#1 குழித்தட்டு

வணக்கம். குழித்தட்டு நாற்றங்காலுக்குப் போட்டிருக்கும் பச்சை நிழல்வலை 50 சதவீதம் என்று சொல்லி வாங்கியது. உண்மையில் எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். கையில் இருப்பவை: ஆர்டுயினோ யூனோ (நிரல் எழுதி இயக்கும் சின்ன போர்டு) ஒன்று, ஜிஎல்5528 எல்டிஆர் (வெளிச்சம் கூடினால் மின்தடை குறையும் சென்சார்) நான்கு, 10 கிலோஓம் ரெசிஸ்டர்கள், பிரெட்போர்டு.

எல்டிஆரின் ஒரு கால் 5 வோல்ட்டில், மறு கால் போர்டின் ஏ0 பின்னில் (வோல்ட்டை அளந்து எண்ணாகத் தரும் பின்). ஏ0-விலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம். அறைக்குள் கையால் மூடினால் எண் இறங்குகிறது, டார்ச் அடித்தால் ஏறுகிறது. அதனால் இணைப்பில் பிழை இல்லை என்று நினைக்கிறேன்.

மதியம் 12 மணிக்கு நேர் வெயிலில் 1021. வலைக்குள் 1019. வெறும் கண்ணுக்கே நிழல் நன்றாகத் தெரிகிறது, எண்ணில் தெரியவில்லை. நான்கு எல்டிஆரையும் மாற்றிப் பார்த்தாயிற்று, எல்லாம் அப்படியே. போலி எல்டிஆரா, போர்டு கெட்டுவிட்டதா? லக்ஸ் (வெளிச்ச அலகு) கணக்கில் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது.

#2 கிலோஓம்

எதுவும் கெடவில்லை. இந்தச் சர்க்யூட்டில் இந்த வெளிச்சத்துக்கு வர வேண்டிய எண்தான் வந்திருக்கிறது. கணக்கைப் பாருங்கள்.

ஜிஎல்5528-க்கு டேட்டாஷீட் தரும் தடை, 10 லக்ஸில் 8 முதல் 20 கிலோஓம். நடுவில் 15 கிலோஓம் என்று வைத்துக்கொள்வோம். காமா 0.7. காமா என்பது 10 லக்ஸ் தடையை 100 லக்ஸ் தடையால் வகுத்து லாக் எடுத்தால் வரும் எண். வெளிச்சம் 10 மடங்கு ஏறினால் தடை சுமார் 5-இல் ஒரு பங்காகிறது என்பதே அதன் பொருள்.

இதை வைத்துப் போட்டால்:
10 லக்ஸ்: 15,000 ஓம்
100 லக்ஸ்: 2,990 ஓம்
1,000 லக்ஸ்: சுமார் 600 ஓம்
40,000 லக்ஸ்: 45 ஓம்
80,000 லக்ஸ்: 28 ஓம்

நடுமதிய வெயில் 80,000 லக்ஸ் என்றால் 28 ஓம் எல்டிஆருக்கு அடுத்து உங்கள் 10,000 ஓம் நிற்கிறது. போர்டு 0 முதல் 5 வோல்ட் வரை 1024 படியாகப் பிரித்து எண்ணாக்குகிறது. ஏ0-வில் வரும் எண் 1024 × 10,000 ÷ 10,028. அதாவது 1021. பாதி வெளிச்சத்தில் 1024 × 10,000 ÷ 10,045, அதாவது 1019. நீங்கள் எழுதிய இரண்டு எண்களும் அப்படியே வந்துவிட்டன.

10 கிலோஓம் போடு என்று எல்லாப் பாடத்திலும் இருக்கும். அது மங்கலான அறைக்கு. ரெசிஸ்டரும் எல்டிஆரும் சமமாக இருக்கும் இடத்தில்தான் இந்தச் சர்க்யூட் கூர்மையாக வேலை செய்யும். 10 கிலோஓமுக்கு அந்த இடம் சுமார் 18 லக்ஸ். தெருவிளக்கை மாலையில் போட, இரவு விளக்கை எரியவைக்கச் சரி. வெயிலுக்கு ஆகாது.

ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுக்கும் முறை: அளக்கப்போகும் இரு எல்லைகளிலும் எல்டிஆர் தடை எவ்வளவு என்று பார்த்து, இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். அதற்குப் பக்கத்தில் கடையில் கிடைக்கும் மதிப்பைப் போடுங்கள்.

#3 தென்னங்கீற்று

எல்டிஆரைத் தூக்கிப் போட்டுவிட்டு பிஹெச்1750 டிஜிட்டல் வெளிச்ச சென்சார் வாங்குங்கள். நேராக லக்ஸே கொடுக்கும். காமா, லாக் எதுவும் வேண்டாம்.

#4 குழித்தட்டு

கிலோஓம் அண்ணா, நன்றி. அப்படியானால் 28-ஐயும் 45-ஐயும் பெருக்கி மூலம் எடுத்தால் 35 வருகிறது. 33 ஓம் ரெசிஸ்டர் போட்டால் வேலை முடிந்துவிடுமா?

#5 ஈயப்பற்று

தம்பி, 33 ஓம் போட்டுடாதீங்க. 28-ம் 33-ம் சேர்ந்தா 61 ஓம். 5 வோல்ட்ல 82 மில்லியாம்ப் ஓடும். எல்டிஆர் உள்ள மட்டும் 188 மில்லிவாட் சூடு. அதோட உச்சவரம்பே 100 மில்லிவாட்தான். சூடானா தடை மாறும், எண் நகர்ந்துகிட்டே இருக்கும், கடைசில எல்டிஆர் போயிடும். யாராவது 5 வோல்ட்டை போர்டோட டிஜிட்டல் பின்ல இருந்து எடுத்திருந்தா பின்னும் சேர்ந்து போகும். அந்தப் பின்னுக்கு 20 மில்லியாம்புக்கு மேல கேக்கக் கூடாது.

வெளிச்சத்தைக் குறைச்சு உள்ள விடுங்க. வெயில்ல நூத்துல ஒரு பங்கு மட்டும் எல்டிஆர் மேல விழுந்தா, அது 800 லக்ஸ் அறையில இருக்கற மாதிரி நடந்துக்கும். தடை 700 ஓம் கிட்ட வரும், பாதி வெளிச்சத்துல 1,135 ஓம் கிட்ட. ரெண்டையும் பெருக்கி மூலம் எடுத்தா 890. அப்ப 1 கிலோஓம். பழுப்பு, கருப்பு, சிவப்பு.

இப்ப எண் பாருங்க: வெயில்ல 603, பாதி வெளிச்சத்துல 480. முன்னாடி 2 படி வித்தியாசம், இப்ப 123 படி. எல்டிஆர்ல சூடு 6 மில்லிவாட்தான்.

மூடி செய்யற விதம்:

20 மிமீ பிவிசி கண்டியூட் குழாய் 4 செமீ நறுக்குங்க. உள்பக்கம் கருப்புத் தாளைச் சுருட்டி ஒட்டுங்க. வெள்ளைக் குழாயோட சுவர் வழியாவும் வெளிச்சம் ஊறி வரும், அதனால வெளிப்பக்கம் கருப்பு இன்சுலேஷன் டேப், அதுக்கு மேல அலுமினிய ஃபாயில். வெறும் கருப்பு டேப்போட வெயில்ல விட்டா உள்ள கொதிச்சிடும். எல்டிஆர் 70 டிகிரி வரைக்கும்தான்.

குழாயோட மேல் வாயில பிளம்பர் பயன்படுத்தற டெஃப்லான் டேப்பை நாலு அடுக்கு, குறுக்கும் நெடுக்குமா, சுருக்கமில்லாம இழுத்துக் கட்டுங்க. அதுக்கு ஒட்டினாப்ல கீழ கருப்பு அட்டை வட்டம், நடுவுல 5 மிமீ துளை. துளைக்கு 20 மிமீ கீழ எல்டிஆர் முகம். எல்டிஆரோட முதுகையும் பக்கத்தையும், சூடு காட்டினா சுருங்கற கருப்பு ஹீட்‌ஷ்ரிங்க் போட்டு மூடுங்க, கால் வர்ற பக்கமா வெளிச்சம் நுழையும். நிறைய பேர் இதை விட்டுடறாங்க, அப்புறம் மூடியை எவ்வளவு இறுக்கினாலும் எண் இறங்கலைன்னு கேக்கறாங்க.

நூத்துல ஒண்ணுன்னு துல்லியமா வர வேண்டியதில்ல. நேர் வெயில்ல 600 கிட்ட வந்தா போதும். அதிகமா வந்தா எல்டிஆரை இன்னும் கீழ தள்ளுங்க. ஆழம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் கால் பங்காகும்.

பிங்பாங் பந்தைப் பாதியா அறுத்து மேல கவுக்கலாம்னு சிலர் சொல்வாங்க. பந்து பக்கவாட்டு வெளிச்சத்தை அதிகமா பிடிக்கும். வலைக்குள்ள வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறி வர்றதால, அங்க மட்டும் எண் கூடிக் காட்டும். தட்டையான முகமே இந்த வேலைக்குச் சரி.

#6 கிலோஓம்

தென்னங்கீற்று, பிஹெச்1750 நல்ல சென்சார்தான். அறைக்குள் அளப்பதாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். இங்கே இரண்டு சிக்கல்.

ஒன்று, அது 16 பிட் எண்ணை 1.2-ஆல் வகுத்து லக்ஸ் தருகிறது. 65,535-ஐ வகுத்தால் 54,612 லக்ஸ். அதற்கு மேல் ஏறாது. அளவிடும் நேரத்துக்கான ரெஜிஸ்டரை (சென்சாருக்குள் எழுதும் அமைப்பு எண்ணை) 69-இலிருந்து 31-க்கு இறக்கினால் எல்லை சுமார் 1,21,000 லக்ஸ் வரை போகும். பல லைப்ரரிகளில் அது தானாக நடக்காது, நீங்கள் எழுத வேண்டும்.

இரண்டு, கம்பி. இவருக்கு ஒரு சென்சார் வெளியே, ஒரு சென்சார் வலைக்குள் வேண்டியிருக்கும். ஏன் என்று கீழே சொல்கிறேன். அந்தச் சென்சார் போர்டோடு பேசும் ஐ2சி பஸ்ஸுக்குக் கெபாசிட்டன்ஸ் எல்லை 400 பிகோஃபாரட். நெட்வொர்க் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 50. எட்டு மீட்டரிலேயே எல்லை வந்துவிடும். எல்டிஆருக்கு 15 மீட்டர் கம்பி ஒரு பொருட்டில்லை. நிலை ரெசிஸ்டரை (மதிப்பு மாறாத அந்த 1 கிலோஓமை) போர்டு பக்கமே வைத்து, ஏ0-வுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் போடுங்கள். 104 என்று அச்சிட்ட சின்ன செராமிக். கம்பி பிடிக்கும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் மிஞ்சியிருந்தால் 10 மைக்ரோஃபாரட் ஒன்றும் கூடவே போடலாம்.

குழித்தட்டு, உங்கள் கேள்விக்கு முக்கியமான விஷயம் இதுதான். உங்களுக்கு வேண்டியது லக்ஸ் இல்லை, விகிதம். வலைக்குள் வெளிச்சம் ÷ வெளியே வெளிச்சம். விகிதம் மட்டும் போதும் என்றால் எல்டிஆரின் பாதிக் குறைகள் தாமாகவே அடிபட்டுப் போகின்றன.

எல்டிஆர் தடை = நிலை ரெசிஸ்டர் × (1024 − எண்) ÷ எண்.

இரண்டு தடைகளை வகுக்கும்போது நிலை ரெசிஸ்டர் மேலும் கீழும் நின்று போய்விடும். அது 5 சதவீத ரெசிஸ்டராக இருந்தாலும் கவலை இல்லை. மூடி நூறில் ஒன்றா, நூற்றைம்பதில் ஒன்றா என்பதும் போய்விடும். 10 லக்ஸில் 8 கிலோஓமா 20 கிலோஓமா என்ற டேட்டாஷீட் குழப்பமும் போய்விடும். யூஎஸ்பி மின்சாரம் 5 வோல்ட்டுக்குப் பதில் 4.7 ஆக இருந்தாலும் எண் மாறாது, ஏனென்றால் எல்டிஆருக்கு ஊட்டும் அதே 5 வோல்ட்டைத்தான் போர்டு அளவுகோலாகவும் வைத்துக்கொள்கிறது.

மிஞ்சுவது ஒன்றே ஒன்று: காமா.

வெளியே வெளிச்சம் ÷ வலைக்குள் வெளிச்சம் = (வலைக்குள் தடை ÷ வெளியே தடை)-இன் (1 ÷ காமா) அடுக்கு. அதைத் தலைகீழாக்கினால் வேண்டிய விகிதம்.

இதில் மட்டும் டேட்டாஷீட்டை நம்பி 0.7 என்று போட்டுவிடாதீர்கள். உண்மையில் 0.6 இருக்கும் எல்டிஆருக்கு 0.7 போட்டால், சரியாகப் பாதி விடும் வலையை 55 சதவீதம் விடுகிறது என்று காட்டும். கையில் இருக்கும் எல்டிஆருக்குக் காமாவை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

#7 தென்னங்கீற்று

கம்பி நீளத்தை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். காமா கண்டுபிடிக்க, பல்பை 40 செமீயில் ஒரு முறை, 56.6 செமீயில் ஒரு முறை வைத்தால் போதுமே. தூரம் 1.414 மடங்கானால் வெளிச்சம் பாதி.

#8 நிலாமுற்றம்

தூர முறை சரிதான். வீட்டில் செய்யும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். எல்இடி பல்பின் வெள்ளைக் கூண்டில் வெளிச்சம் எந்தப் புள்ளியிலிருந்து கிளம்புகிறது என்பது தெளிவில்லை. 40 செமீ தூரத்தில் 1 செமீ தவறினாலே 5 சதவீதப் பிழை. அடுத்தது சுவர். வெள்ளையடித்த அறையில் சுவரும் கூரையும் திருப்பி அனுப்பும் வெளிச்சம், தூரம் கூடும்போது அதே அளவில் குறையாது.

தூரமே அளக்காத முறை ஒன்று இருக்கிறது. அதையே செய்யச் சொல்வேன்.

ஒரே மாதிரி 9 வாட் எல்இடி பல்பு இரண்டு. இரவில், ஜன்னல் மூடிய அறையில். மூடி இல்லாத எல்டிஆர், அதே 1 கிலோஓம். இரண்டு பல்பையும் எரியவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். பல்பு சூடாகும்போது வெளிச்சம் மெல்லக் குறையும், அது நிலைப்பட வேண்டும். அதன் பிறகு எந்தப் பல்பையும் அணைக்காதீர்கள். கருப்பு அட்டையால் மறைக்க மட்டும் செய்யுங்கள்.

முதல் பல்பு மட்டும் தெரியும்படி மறைத்து, எண் 480 பக்கம் வரும்படி தூரத்தைச் சரிசெய்யுங்கள். அதை மறைத்து இரண்டாவது பல்பைத் திறந்து, அதே எண் வரும்வரை அந்தப் பல்பை நகர்த்துங்கள். இப்போது இரண்டையும் திறந்துவிடுங்கள். எல்டிஆர் மேல் விழும் வெளிச்சம் சரியாக இரண்டு மடங்கு. சுவரிலிருந்து வருவதும் அந்தந்தப் பல்போடு சேர்ந்தே கணக்கில் வந்துவிடுவதால் அதைப் பற்றிய கவலை இல்லை.

காமா = லாக்(ஒரு பல்பில் தடை ÷ இரண்டு பல்பில் தடை) ÷ 0.3010 (2-இன் லாக்).

உதாரணமாக ஒற்றையில் 480, இரண்டும் சேர்ந்து 603 வந்தால் தடை விகிதம் 1.623, அதன் லாக் 0.2104, காமா 0.70.

எண்ணை 480 பக்கம் வைக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. காமா எல்லா வெளிச்சத்திலும் ஒன்றாக இருக்காது. வயலில் எல்டிஆர் எந்தத் தடையில் வேலை செய்யப்போகிறதோ அதே தடையில்தான் காமாவைக் கண்டுபிடிக்க வேண்டும். மங்கலான அறையில் கண்டுபிடித்த காமா உங்கள் 700 ஓமுக்குச் சேராது.

இன்னொன்று. கேட்மியம் சல்ஃபைடுக்கு நினைவு உண்டு. பெட்டிக்குள் இருட்டில் கிடந்த எல்டிஆரை வெளியே எடுத்தவுடன் அளந்தால், வெளிச்சத்தில் பழகியிருந்தால் காட்டும் தடையைவிடக் குறைவாகக் காட்டும். அதனால்தான் டேட்டாஷீட் அளவுகளே 400 முதல் 600 லக்ஸில் 2 மணி நேரம் வைத்த பிறகு எடுக்கப்படுகின்றன. நீங்களும் அளப்பதற்கு முன் 2 மணி நேரம் வெளிச்சத்தில் வைத்துவிடுங்கள்.

#9 குழித்தட்டு

மூடி இரண்டு செய்தாயிற்று. துளை 5 மிமீ, ஆழம் 22 மிமீ. மூடி போட்டு நேர் வெயிலில் கண்ணால் பார்த்தபோது எண் 600 பக்கம் ஆடியது. ஆட்டத்தைக் குறைக்க 200 முறை படித்துக் கூட்டி 200-ஆல் வகுக்கும்படி நிரலை மாற்றினேன். இப்போது வெயிலில் −52 என்றும் வலைக்குள் 152 என்றும் வருகிறது! வெளிச்சத்துக்கு எப்படி மைனஸ் வரும்? கம்பி ஏதாவது பிடுங்கியிருக்குமா?

#10 கிலோஓம்

கம்பி சரியாக இருக்கிறது. நிரலில் கூட்டுத்தொகையை வைக்கும் மாறியை இன்ட் (முழு எண் வகை) என்று அறிவித்திருக்கிறீர்கள். யூனோவில் இன்ட் 16 பிட், 32,767-க்கு மேல் போனால் சுற்றிக்கொண்டு மைனஸிலிருந்து வரும்.

603 × 200 = 1,20,600. அதிலிருந்து 65,536-ஐ இரண்டு முறை கழித்தால் −10,472. 200-ஆல் வகுத்தால் −52. வலைக்குள் 480 × 200 = 96,000. 65,536 போக 30,464. வகுத்தால் 152. அதாவது உங்கள் உண்மையான சராசரிகள் 603 பக்கமும் 480 பக்கமும் இருந்திருக்கின்றன.

மாறியை அன்சைன்ட் லாங் (32 பிட், மைனஸ் இல்லாத வகை) ஆக்குங்கள். அதே நிரலில் இன்னும் மூன்று இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

1024-ஐ எண்ணால் வகுக்கும் இடத்தில் 1024.0 என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் முழு எண் வகுத்தலாகி 1024 ÷ 603 என்பது வெறும் 1 ஆகிவிடும், தடை பூஜ்யம் என்று வரும்.

எண் பூஜ்யமாக இருந்தால் வகுக்காமல் தாண்டிவிடுங்கள்.

ஏ0, ஏ1 இரண்டையும் மாறி மாறிப் படிப்பதாக இருந்தால், மாறியவுடன் வரும் முதல் அளவை எறிந்துவிட்டு இரண்டாவதிலிருந்து எடுங்கள். உள்ளே இருக்கும் ஒரே ஏடிசி (வோல்ட்டை எண்ணாக்கும் பகுதி) இரண்டு பின்னுக்கும் பொது, அதன் சின்ன கெபாசிட்டரில் முந்தைய பின்னின் மிச்சம் இருக்கும்.

பல்பில் காமா எடுக்கும்போது 200 முறை என்று எண்ணாமல் 200 மில்லிசெகண்ட் என்று நேரம் வைத்துப் படியுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல்பு நொடிக்கு 100 முறை துடிக்கும். 200 மில்லிசெகண்டில் 20 முழுத் துடிப்பு அடங்கும், பாதித் துடிப்பு மிஞ்சாது. எல்டிஆர் மெதுவானது, 20 முதல் 30 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். இருந்தும் மலிவான பல்பின் துடிப்பு எண்ணில் தெரியத்தான் செய்யும்.

#11 குழித்தட்டு

லாங் போட்டதும் சரியாகிவிட்டது. மிக்க நன்றி அண்ணா.

இரு பல்பு முறையில் காமா: முதல் எல்டிஆருக்கு 0.69, இரண்டாவதுக்கு 0.71. இரண்டுக்கும் 0.70 என்று வைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு சந்தேகம். வலைக்கு நேர் கீழே, கைக்கு எட்டும் உயரத்தில் பிடித்தால் குழாயைக் கொஞ்சம் நகர்த்தினாலே எண் குதிக்கிறது. தட்டு இருக்கும் உயரத்தில் குதிக்கவில்லை. எந்த உயரத்தில் அளக்க வேண்டும்?

#12 நிலாமுற்றம்

தட்டு உயரத்தில். அதற்குச் சூரியன்தான் காரணம். சூரியன் நமக்கு ஒரு புள்ளியாகத் தெரிவதில்லை, அரை டிகிரி அகலமுள்ள வட்டமாகத் தெரிகிறது. அதனால் எந்த நிழலின் விளிம்பும் தூரத்தில் 108-இல் ஒரு பங்கு அளவுக்குக் கரையும். வலைக்கு 10 செமீ கீழே கரைவு 1 மிமீகூட இல்லை, ஒவ்வொரு இழையின் நிழலும் தனித்தனிக் கோடாக விழும். உங்கள் 5 மிமீ துளை ஒரு முறை கோட்டின் கீழ், ஒரு முறை கண்ணியின் கீழ் நிற்கிறது. 2 மீட்டர் கீழே கரைவு 19 மிமீ. இழைகளின் நிழல் எல்லாம் ஒன்றில் ஒன்று கலந்து சீராகிவிடும். தட்டின் மேல் விரலை நீட்டிப் பாருங்கள், வலையின் கோடு எதுவும் தரையில் தெரியாது, விரலின் நிழல் மட்டும் தெளிவாக இருக்கும்.

அதே சமயம் வலைப்பந்தலின் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி நில்லுங்கள். பக்கவாட்டில் வலை இல்லாத இடத்தில் வானத்து வெளிச்சம் புகுந்து எண்ணைக் கூட்டும்.

#13 ஈயப்பற்று

அளக்கும்போது மேகம் வந்தா எல்லாம் கெட்டுடும். வெளிய ஒரு அளவு எடுத்து, நடந்து உள்ள போய் இன்னொண்ணு எடுக்கறதுக்குள்ள வெளிச்சம் மாறியிருக்கும். அதுக்குத்தான் கிலோஓம் ரெண்டு சென்சார்னு சொன்னாரு. ஒண்ணு வெளிய ஏ0-ல, இன்னொண்ணு உள்ள ஏ1-ல, ரெண்டும் ஒரே நேரத்துல. ரெண்டு மூடியும் ஒரே மாதிரி செஞ்சிருந்தாலும் சமமா இருக்காது. அதனால ஒரு தடவை அளந்துட்டு, ரெண்டையும் இடம் மாத்தி வெச்சு, ஒரு பத்து நிமிஷம் விட்டு இன்னொரு தடவை அளங்க. ரெண்டு தடை விகிதத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா, மூடியோட வித்தியாசமும் எல்டிஆரோட வித்தியாசமும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும்.

ரெண்டு குழாயும் மட்டமா நிக்கணும். சாய்ஞ்சா வெயில் விழற கோணம் மாறிடும். பபுள் லெவல் இல்லைன்னா தட்டுல கொஞ்சம் தண்ணி ஊத்தி மட்டம் பாருங்க.

#14 குழித்தட்டு

செய்துவிட்டேன். மதியம் 12:10 முதல் 12:40 வரை, மேகம் இல்லை.

முதல் சென்சார் வெளியே: 603. இரண்டாவது உள்ளே: 438.
இடம் மாற்றிய பிறகு, இரண்டாவது வெளியே: 588. முதலாவது உள்ளே: 453.

முதல் தடை விகிதம் 1.916, இரண்டாவது 1.700. பெருக்கி மூலம் எடுத்தால் 1.805. காமா 0.70 போட்டால் வெளியே வெளிச்சம் உள்ளே இருப்பதைப் போல 2.32 மடங்கு. அப்படியென்றால் வலை 43 சதவீதம் மட்டும் உள்ளே விடுகிறது, 57 சதவீதம் மறைக்கிறது. 50 என்று சொல்லி விற்றது. கணக்கில் எங்காவது தப்பு செய்திருக்கிறேனா?

#15 நிலாமுற்றம்

கணக்கு சரி. எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காமா 0.65 ஆக இருந்தால் 40 சதவீதம் விடுகிறது என்று வரும், 0.75 ஆக இருந்தால் 45.5. உங்கள் இரு பல்பு அளவு 0.69-க்கும் 0.71-க்கும் நடுவில் நிற்பதால் 43-ஐ ஒன்று, ஒன்றரை கூடக் குறைய எடுத்துக்கொள்ளலாம். 50 என்று வர வழி இல்லை.

ஆனால் விற்றவர் மேல் பழி போடுவதற்கு முன் வலையைக் கழுவிவிட்டு ஒரு முறை அளங்கள். இழைகளில் படியும் தூசியும் பாசியும் சில சதவீதம் எளிதாகத் தின்றுவிடும். தொய்ந்து மடிந்த இடத்தின் கீழ் அளந்தாலும் கூடுதலாக மறைக்கும். வெயில் சாய்ந்து விழும் காலையிலும் மாலையிலும் அதே வலை இன்னும் அதிகம் மறைக்கும், அதனால் நடுமதியத்தில் மட்டுமே ஒப்பிடுங்கள்.

வலை பச்சை என்று சொன்னீர்கள். இது முக்கியம். ஜிஎல்5528-இன் உச்ச உணர்வு 540 நானோமீட்டரில், அதாவது பச்சையில். பச்சை வலை சிவப்பையும் நீலத்தையும் அதிகம் தடுத்துப் பச்சையைத் தாராளமாக விடும். ஆகவே எல்டிஆர் காட்டும் 43 சதவீதம், நாற்று பயன்படுத்தும் மொத்த வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டியே சொல்கிறது. நாற்றின் பக்கத்திலிருந்து பார்த்தால் மறைப்பு 57-க்கும் மேல்தான். கருப்பு வலையாக இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை, அது எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும்.

நாற்று தண்டு மெலிந்து நீண்டு வளர்கிறது என்றால் இந்த எண் அதற்குப் பொருந்துகிறது.

#16 தென்னங்கீற்று

லக்ஸ் கேட்டிருந்தாரே முதலில். அதற்கு என்ன வழி? போன் ஆப் வைத்து ஒப்பிடலாமா?

#17 கிலோஓம்

போன் வேண்டாம். அதன் சென்சார் திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வைத்தது. கண்ணாடிக்கு அடியில் இருப்பதால் சாய்ந்து விழும் வெளிச்சத்தைச் சரியாகப் பிடிக்காது, போனுக்குப் போன் மாறும்.

லக்ஸ் வேண்டுமென்றால் நம்பகமான மீட்டர் ஒன்றை ஒரே ஒரு முறை இரவல் வாங்கி, வெயிலில் சென்சாருக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அந்த நேரத்துத் தடையையும் லக்ஸையும் குறித்துக்கொண்டால் போதும். பிறகு எப்போது வேண்டுமானாலும்: லக்ஸ் = குறித்த லக்ஸ் × (குறித்த தடை ÷ இப்போதைய தடை)-இன் (1 ÷ காமா) அடுக்கு. நீங்கள் முன்பு சொன்ன பிஹெச்1750-ஐ ரெஜிஸ்டர் 31-இல் வைத்து இந்த ஒரு வேலைக்குப் பயன்படுத்தலாம், அங்கே நீளக் கம்பி தேவையில்லை. மூடியைத் தொட்டாலோ டெஃப்லான் அழுக்கானாலோ குறித்த எண் செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும்.

வெயிலுக்கு மட்டும் இன்னொரு கணக்கு: லக்ஸை 54-ஆல் வகுத்தால் செடி பயன்படுத்தும் வெளிச்சம் மைக்ரோமோலில் (சதுர மீட்டருக்கு, நொடிக்கு) ஏறக்குறைய வரும். பச்சை வலைக்குள்ளும், ஊதா நிற வளர்ப்பு விளக்கின் கீழும் இந்த 54 செல்லாது.

#18 குழித்தட்டு

வலையைக் கழுவிவிட்டு மறுபடி அளந்து போடுகிறேன். இந்த இரண்டு சென்சாரையும் நாற்றங்காலிலேயே நிரந்தரமாக விட்டுவிடலாமா? யூனோவுக்குப் பதிலாக இஎஸ்பி32 வைத்து வைஃபையில் அனுப்பும் எண்ணம் இருக்கிறது.

#19 ஈயப்பற்று

இஎஸ்பி32-ல மூணு விஷயம். 5 வோல்ட் கொடுக்காதீங்க, எல்டிஆருக்கு 3.3 வோல்ட்தான். ஏடிசி1 பின்கள், அதாவது 32-லேர்ந்து 39 வரைக்கும் இருக்கறதுல போடுங்க. ஏடிசி2 பின்கள் வைஃபை ஓடும்போது படிக்காது. அப்புறம் அதோட ஏடிசி ரெண்டு ஓரத்துலயும் வளைஞ்சிருக்கும், நடுப்பகுதிதான் ஓரளவு நேரா இருக்கும். 1 கிலோஓம் போட்டா உங்க எண் நடுவுல வர்றதால பெருசா பாதிக்காது, ஆனா காமாவை அந்தப் போர்டுலயே மறுபடி எடுத்துக்குங்க. யூனோல எடுத்ததை அப்படியே கொண்டு போகாதீங்க.

நிரந்தரமா விடறதுன்னா ஈரம்தான் எதிரி. எல்டிஆர் முகத்துல இருக்கற மெல்லிய பூச்சு, தினமும் தண்ணி தெளிக்கற இடத்துல ரொம்ப நாள் தாங்காது. டெஃப்லானுக்கு மேல மெல்லிய கண்ணாடி வட்டம் வெச்சு, ஓரத்தை சிலிக்கான் போட்டு அடைங்க. குழாயோட அடியில சின்னதா ஒரு துளை விடுங்க, உள்ள வேர்த்தா இறங்கட்டும். அந்தத் துளையையும் கருப்பு டேப்பால பந்தல் மாதிரி மறைச்சுடுங்க, வெளிச்சம் ஏறாம. வாரத்துக்கு ஒரு தடவை கண்ணாடியைத் துடைங்க, மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டையும் இடம் மாத்தி ஒப்பிட்டுப் பாருங்க.

எல்டிஆர் உடைஞ்சா அங்கேயே வீசிடாதீங்க. உள்ள இருக்கறது கேட்மியம். தட்டுல இருக்கற தென்னைநார்க் கழிவுல ஒரு துண்டுகூட விழாம பொறுக்கி, தனி டப்பாவுல போட்டு மின்கழிவோட கொடுத்துடுங்க.